கரை தேடி வரும் பங்குனி ஆமை

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கல் யானையையும், பேன் பார்க்கும் கல் குரங்கையும் கண்டு வியந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் பஸ் ஏறி விடுகிறார்கள். ஊர் உறங்கிய பிறகு அதே கரையில் உயிருள்ள ஒரு விருந்தாளி கரையேறுவது பலருக்குத் தெரியாது.

அதுதான் பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரை நெடுகிலும் முட்டையிட வருகிறது. சுமார் 40 கிலோ எடையுள்ள பிராணி. தண்ணீரில் பறவை போலச் செல்லும். மணலில் அது படும் பாடோ சொல்லி முடியாது. உடலை இழுத்து இழுத்து அலை எட்டாத இடம் சேர்ந்து, பின்னங்கால்களால் குடம் போன்ற குழி தோண்டுகிறது. நூறு, நூற்றிருபது முட்டைகள் இட்டு, மணலால் மூடி, தன் உடலாலேயே தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்துகிறது. அப்போது அதன் கண்களில் நீர் வழியும். பிரசவ வேதனையில் அழுகிறது என்பார்கள். உண்மையில், உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. அழக் காரணம் இல்லாமல் இல்லை. அது பின்னால் வருகிறது.

முட்டைக்குக் காவல்

ஒரு காலத்தில் இந்த முட்டைகளைத் தோண்டி எடுத்துத் தின்பதும் விற்பதும் சகஜம். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் 1970களின் தொடக்கத்தில் இராத்திரி முழுவதும் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்தார்கள். 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை கண்டவரும் இவரே. 1977இல் வனவிலங்குச் சட்டம் இந்த ஆமைக்கு உச்சப் பாதுகாப்பு அளித்தது. 1988 முதல் சென்னைக் கரையில் மாணவர்கள் இந்த இராக்காவலை ஏற்றார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது.

பொரிப்பகத்தில் இப்போது புதுக் கவலை, வெயில். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு நிர்ணயிக்கிறது. ஏறக்குறைய 30 டிகிரிக்குக் கீழே ஆண் மிகும். மேலே பெண் மிகும். சூடு இன்னும் ஏறினால் முட்டையே கெட்டுவிடும். பூமி சூடேறி வரும் நாளில் பெண்ணுக்கு ஆண் கிடைக்காமல் போகலாம். அதற்காகத்தான் சில இடங்களில் முட்டைக் குழிகளுக்குப் பந்தல் போட்டு நிழல் தருகிறார்கள்.

தாயின் கதி

முட்டைக்கு இவ்வளவு காவல். தாய்க்கு? 2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் ஆமைகள் ஆயிரத்துக்கு மேல் செத்து ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

ஆமைக்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்தே தீர வேண்டும். விசைப்படகு மணிக்கணக்கில் இழுக்கும் மடிவலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் பொருத்தினால் இறால் கம்பிகளின் ஊடே உள்ளே போகும். ஆமை மோதி மேல் வாசல் வழியே தப்பும். நம் நாட்டுக்கு ஏற்றபடி கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றை அமைத்துத் தந்திருக்கிறது. மீனும் தப்பிவிடுமே என்பது படகுக்காரர்களின் அச்சம். இச்சட்டம் இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா அடம்பிடிக்க, 1996இல் இந்தியாவும் மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்தும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. நோக்கம் சரி, நடத்திய விதம் பாரபட்சம் என்று 1998இல் தீர்ப்பாயிற்று. நம் கௌரவம் பிழைத்தது. ஆமை பிழைத்ததா என்பது வேறு கேள்வி.

வங்கக் கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடை உண்டே என்று வாசகர்கள் கேட்கலாம். அது ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. மீன் இனம் பெருக அது உதவலாம். ஆமை வருவது தையில். தடை பிறப்பது சித்திரையில்!

மற்ற மாதங்களில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது என்பது விதி. அந்தக் கரைக்கடல்தான் ஆமை கூடும் இடம். சிறு படகுக்காரர் வலை விரிக்கும் இடமும் அதுவே. விதி மீறி இரவில் மடி இழுத்துப் போனால் அவர் கடன்பட்டு வாங்கிய வலை அறுந்து போகும். காலையில் கரையில் உட்கார்ந்து வலை பொத்திக் கொண்டிருப்பவரிடம் ஆமையைப் பற்றிக் கேட்டால், அவர் முதலில் கிழிசலைத்தான் காட்டுவார்.