முதிய பூனை மறைக்கும் நோய்கள்

முன்பெல்லாம் பீரோவின் மேல் ஏறிப் படுத்த பூனை, இப்போது சோபாவோடு நின்றுவிடுகிறது. தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகிறது. தடவிக்கொடுத்தால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. இடுப்புப் பக்கம் முடி சடைபிடித்திருக்கிறது. 'வயசாயிடுச்சுல்ல' என்று வீட்டில் சொல்வார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பூனைகளின் வலியைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். மேலே சொன்ன ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு நோய் இருக்கக்கூடும். அவற்றில் பல, மருந்துக்குக் கட்டுப்படக்கூடியவை.

பூனையின் முதல் 2 ஆண்டுகளை மனித வயதில் சுமார் 24 என்று கால்நடை மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அதன்பின் ஆண்டுக்கு 4 கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் 15 வயதுப் பூனை, 76 வயது மனிதருக்குச் சமம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் வாழ்ந்த க்ரீம் பஃப் என்ற பூனை 1967இல் பிறந்து 2005இல் இறந்தது. 38 வயதைத் தாண்டிய அதுதான் கின்னஸ் சாதனைப் பூனை. அது விதிவிலக்கு. ஆனால் வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைகள் 15 வயதைக் கடப்பது இன்று அதிசயமில்லை. இவ்வளவு காலம் வாழ்வதால்தான் முதுமையின் நோய்களையும் நாம் அதிகம் பார்க்கிறோம்.

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனை. எலியையும் பறவையையும் தனியாக வேட்டையாடும் அந்த விலங்கே பெரிய விலங்குகளுக்கு இரையும் ஆகும். நொண்டிக்கொண்டும் முனகிக்கொண்டும் திரிந்தால் அதற்கு ஆபத்து. அந்தப் பழக்கம் வீட்டுப் பூனைக்கும் வந்திருக்கிறது. நாய் வலித்தால் காலைத் தூக்கிக் காட்டும். பூனை தான் செய்துவந்த ஒரு வேலையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளங்கள் இருந்தன. பீரோவின் மேல் ஏறாததற்கும், கழுத்தைத் திருப்பி இடுப்பை நக்கிச் சுத்தம் செய்யாததற்கும், மணல் தட்டின் விளிம்பைத் தாண்ட முடியாமல் வெளியே சிறுநீர் கழிப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அடம்பிடிக்கிறது என்று அதை அடிப்பதுபோல் கொடுமை வேறில்லை.

பூனை மறைக்கும் வலியைப் படிக்க வழி உண்டு. கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட அளவுகோலில் 5 அடையாளங்களைப் பார்க்கிறார்கள்: காதுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன, கண்கள் எவ்வளவு இடுங்கியிருக்கின்றன, மூக்கும் வாயும் உள்ள பகுதி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். வீட்டில் இருப்பவர்களும் பழகிக்கொள்ளக்கூடிய முறை இது. மூட்டு வலிக்கென்றே மாதம் ஒருமுறை போடும் ஃப்ருனெவெட்மாப் என்ற ஊசிக்கு ஐரோப்பாவில் 2021இலும் அமெரிக்காவில் 2022இலும் அனுமதி கிடைத்தது. வலியுணர்வைத் தூண்டும் நரம்பு வளர்ச்சிப் புரதம் ஒன்றை அது முடக்குகிறது.

வலி என்றதும் நம் வீட்டு மருந்து டப்பாவுக்குக் கை போகும். தயவுசெய்து போகக் கூடாது. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். அந்த மருந்தைப் பாதுகாப்பாக வெளியேற்ற மனிதக் கல்லீரலில் இருக்கும் நொதிக்கான மரபணு பூனையிடம் செயலிழந்து கிடக்கிறது. தேங்கும் நச்சு, ரத்தச் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடுகிறது.

இனி, முதிய பூனைகளை அதிகம் வாட்டும் சிறுநீரக நோய்க்கு வருவோம். வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை, தின்ற இரையில் இருக்கும் ஈரத்தை வைத்தே பெரும்பாலும் காலம் தள்ளியது. அதற்கேற்ப, சிறுநீரை மிகவும் அடர்த்தியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் சிறுநீரகம் அதற்கு வாய்த்தது. ஆனால் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் மனிதரின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் இருக்க, பூனைக்குச் சுமார் 2 லட்சம்தான். செத்த நெஃப்ரான் மறுபடி முளைக்காது. மிச்சம் இருப்பவை கூடுதல் வேலையை இழுத்துப்போட்டுச் செய்வதால் வெளியே ஒன்றும் தெரியாது. மூன்றில் இரண்டு பங்கு அழிந்த பிறகுதான் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் குறைகிறது. அப்போது சிறுநீர் நிறையப் போகும். ஈடுகட்டப் பூனை நிறையக் குடிக்கும். 'நல்லாத் தண்ணி குடிக்குது' என்று நாம் மகிழ்வது இந்தக் கட்டத்தில்தான்.

ரத்தத்தில் க்ரியாட்டினின் அளவு கூடுவது இன்னும் தாமதமாக, முக்கால் பங்கு போன பிறகு. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. க்ரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய கிழப்பூனையின் பரிசோதனை முடிவில் அது குறைவாகக் காட்டி ஏமாற்றும். 2015 முதல் புழக்கத்துக்கு வந்த எஸ்டிஎம்ஏ என்ற ரத்தப் பரிசோதனை தசையைச் சார்ந்ததல்ல என்பதால், பாதிப்பை முன்னதாகவே காட்டுகிறது.

பூனைகளுக்கு மட்டும் ஏன் இத்தனை சிறுநீரக நோய்? முழு விடை இல்லை. ஆனால் ஜப்பானிலிருந்து ஒரு முக்கியமான துப்பு கிடைத்திருக்கிறது. தோரு மியாசாகி என்ற மருத்துவ ஆய்வாளர் ஏஐஎம் என்ற ரத்தப் புரதத்தை 1999இல் அறிவித்தார். சிறுநீரகக் குழாய்களில் செத்த செல்களின் குப்பை அடைத்துக்கொள்ளும்போது, இந்தப் புரதம் அங்கே போய்க் குப்பையில் ஒட்டி அடையாளமிடும். மற்ற செல்கள் அதைத் தின்று அடைப்பை நீக்கும். சாதாரண நேரத்தில் ஏஐஎம், ஐஜிஎம் என்ற பெரிய நோய் எதிர்ப்புப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும். தேவை வந்தால் கழன்று வேலைக்குப் போகும். பூனையிடம் இது கழல்வதே இல்லை என்று 2016இல் அவருடைய குழு காட்டியது. பூனையின் ஏஐஎம் எலியினுடையதைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதாம்.

ஏஐஎம் புரதத்தைப் பூனைகளுக்கு மருந்தாக்கும் மியாசாகியின் ஆராய்ச்சி, கொரோனா காலத்தில் நிதியில்லாமல் தடைப்பட்டது. 2021 ஜூலையில் அந்தச் செய்தி வெளியானதும், யாரும் கேட்காமலே ஜப்பானியப் பூனைப் பிரியர்கள் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்குப் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். சில மாதங்களில் 20 கோடி யென்னுக்கும் மேல் சேர்ந்தது. மடியில் ஒரு நோயாளிப் பூனையை வைத்துக்கொண்டு பணம் அனுப்பியவர்கள் அவர்களில் எத்தனை பேரோ! மியாசாகி பிறகு பல்கலைக்கழகத்தைவிட்டு விலகி, இதற்காகவே தனி ஆய்வு நிறுவனம் தொடங்கினார்.

அந்த மருந்து வரும்வரை கையில் இருக்கும் சிகிச்சைகளும் சாதாரணமானவை அல்ல. பாஸ்பரஸ் குறைத்துத் தயாரிக்கப்படும் சிறுநீரக உணவு, நோயுற்ற பூனைகளின் ஆயுளை நீட்டிக்கிறது. தோலுக்கடியில் சலைன் ஏற்றுவதை மருத்துவர் கற்றுக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். ரத்த அழுத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது அவசியம். சிறுநீரக நோயுடன் அழுத்தமும் ஏறி, விழித்திரை பிரிந்து, ஒரே நாளில் பார்வை போன பூனைகள் உண்டு. அதற்கான மருந்து, மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே ஆம்லோடிபின்தான். அளவை மட்டும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறதா? தைராய்டைப் பாருங்கள். பூனைகளில் தைராய்டு மிகைச் சுரப்பு 1979இல்தான் முதலில் விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான், புற்று அல்ல. மாத்திரை உண்டு, கதிரியக்க அயோடின் சிகிச்சை உண்டு. மிகைச் சுரப்பு சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதால், அங்கிருக்கும் நோயை மறைத்துவைக்கும். தைராய்டு கட்டுக்குள் வந்ததும் சிறுநீரக நோய் வெளிப்பட்டால் மருந்தைக் குற்றம் சொல்லக் கூடாது.

நள்ளிரவில் நடு ஹாலில் நின்றுகொண்டு இழுத்து இழுத்துக் கத்துவது பலரைக் கலங்கடிக்கும். காது மந்தம், ரத்த அழுத்தம், தைராய்டு எதுவும் காரணமாகலாம். மூளைத் தேய்வாகவும் இருக்கலாம். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் சேரும் அமிலாய்டு பீட்டா புரதம், முதிய பூனைகளின் நரம்புச் சந்திப்புகளிலும் படிவதை எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு 2025இல் காட்டியது. சிறு இரவு விளக்கும், இடம் மாறாத சாப்பாட்டுத் தட்டும், அதட்டாத குரலும் அந்தப் பூனைக்குப் பெரிய உதவி.

முதிய பூனை ஒன்றிரண்டு நாள் சாப்பிடாவிட்டால் 'பசித்தால் சாப்பிடும்' என்று காத்திருக்கக் கூடாது. பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு கல்லீரலில் குவிந்து அதையே முடக்கிவிடும். வாசனை தெரியாமல் சாப்பாட்டை ஒதுக்குவதும் உண்டு. லேசாகச் சூடாக்கிக் கொடுத்தால் வாசனை எழும்.

எல்லாம் செய்தும் ஒரு கட்டம் வரும். சாப்பிட்டதா, நடந்ததா, அருகில் வந்ததா என்று காலண்டரில் தினமும் குறித்துவந்தால், நல்ல நாட்களைவிடக் கெட்ட நாட்கள் கூடுவது கண்ணுக்குத் தெரியும். பாசத்தால் நாம் நாள் தள்ளும்போது அந்தக் குறிப்பு உண்மையைச் சொல்லும். கருணைக்கொலைக்குப் போடுவது அளவு கூட்டிய மயக்கமருந்துதான். பூனை முதலில் நினைவிழக்கும், பிறகே இதயம் நிற்கும். அதை வீட்டுக்கே வந்து செய்வாரா, நாம் கூடவே இருக்கலாமா என்பதை எல்லாம், பூனை இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மருத்துவரிடம் பேசிவைத்துக்கொள்வது நல்லது.