பழைய குதிரைக்குப் புது ஆள்

போளூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகனைச் சென்னையில் குதிரையேற்றம் பழகச் சேர்த்துவிட்டிருக்கிறாராம். மூன்று வாரமாகியும் பையன் கையில் கடிவாள வாரைக் கொடுக்கவில்லை. ஆசிரியர் நடுவில் நின்றுகொண்டு நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிடுகிறார். பையன் அங்கவடிகூட இல்லாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கிறான். குதிரையோ பதினெட்டு வயதுக் கிழம். “காசு கொடுத்து ராட்டினம் சுற்றுகிற மாதிரி இருக்கிறது ஐயா. இது பயிற்சியா, ஏமாற்றா?”

ஏமாற்று இல்லை. அந்தக் கிழக் குதிரைக்காகவே இன்னும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

எனக்கு ஆரணி, நெசவுக் குடும்பம். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முழுக்க என்னைத் தார் சுற்ற மட்டும்தான் விட்டார்கள். பிறகு தறியில் உட்கார வைத்தபோதும் அது தாத்தா காலத்துத் தறி, அப்பா பாதி நெய்துவைத்த பாவு. தறிக்குழிக்குள் காலை விட்டால் எந்த மிதி எவ்வளவு இறங்கும், எங்கே நிற்கும் என்பதை அந்தத் தறியே காலுக்குச் சொல்லிவிடும். தப்பாக மிதித்தால் அடுத்த நிமிஷமே துணியில் தெரியும். அதே வருஷம் வீட்டுக்குப் புதுத் தறி ஒன்று வந்தது. அதன் பக்கம் என்னை அண்டவிடவில்லை. முதல் மூன்று பாவையும் அப்பாதான் நெய்து அதைப் பழக்கினார். புது ஆளையும் புதுத் தறியையும் சேர்த்துவிட்டால் இரண்டும் கெடும் என்பது அவர் கணக்கு.

வியன்னாவில் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. 1565-லிருந்தே ஆவணங்களில் அதைப் பற்றிய குறிப்பு வருகிறது. லிப்பிசானர் என்ற வெள்ளைக் குதிரைகளுக்குப் புகழ்பெற்ற இடம். அங்கேயும் இதே கணக்குதான். புதிதாகச் சேரும் பையனையும் பெண்ணையும் தேர்ந்த பழைய குதிரைமேல் ஏற்றி, வாரும் அங்கவடியும் இல்லாமல், கயிற்றில் மாதக்கணக்காகச் சுற்றவிடுகிறார்கள். பழக்கமில்லாத இளங்குதிரையைத் தேர்ந்த ஆளிடம் ஒப்படைக்கிறார்கள். குதிரை ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கும். அந்த ஆள் பின்னாளில் இன்னொரு குதிரைக்குச் சொல்லிக்கொடுப்பார். இப்படிக் கைமாறிக் கைமாறி நானூற்றைம்பது வருஷத்துக்குமேல் ஓடியிருக்கிறது.

வார் ஏன் கொடுப்பதில்லை? புதிதாக ஏறியவன் தடுமாறும்போது கையில் இருப்பதைப் பிடித்துத் தொங்குவான். வாரின் மறுமுனையில் இரும்பு. அந்த இரும்பு இருப்பது குதிரையின் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளியில், வெறும் ஈறின்மேல். ஓடுகிற பஸ்ஸில் தடுமாறுகிறவர் பக்கத்தில் நிற்கும் அம்மாளின் ஜிமிக்கியைப் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? குதிரை சத்தம் போடாது. வலியில் கத்துகிற பிராணி இல்லை அது. அதனால்தான் கடற்கரையிலும் ஊட்டியிலும் வாரை வெடுக் வெடுக்கென்று இழுக்கிறவர்கள் குதிரைக்கு ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

குதிரையின் தோலில் ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடம் மட்டும் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈயின் கனம் தெரிகிற தோலுக்கு, மேலே இருக்கிற அறுபது கிலோ ஆள் ஒரு பக்கம் சாய்ந்தது தெரியாதா? நன்றாகப் பழகிய குதிரைக்குக் காலால் உதைக்க வேண்டியதில்லை, கெண்டைக்காலை லேசாக ஒட்டினால் போதும். அது நகர்ந்த அந்தக் கணமே காலை எடுத்துவிட வேண்டும். குதிரை பாடம் படிப்பது அழுத்தும்போது இல்லை, அழுத்தம் விலகும்போது. விலக்கத் தாமதித்தால், நகர்ந்ததற்கும் தொந்தரவுதான் கூலி என்று எடுத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு உதைத்தாலும் மரமாக நிற்கும். “இது மந்தக் குதிரை” என்பார்கள்.

நான் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. சுவீடனில் லிண்டா கீலிங் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் செய்து, 2009-ல் வெளியிட்ட சோதனை. 27 குதிரைகள். சில பேர் ஏறி ஓட்டினார்கள், சில பேர் கையில் பிடித்து நடத்தினார்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நாலு தடவை போக வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கும் குதிரைக்கும் இதயத் துடிப்பு அளக்கிற கருவி. மூன்று தடவை சும்மா போனார்கள். நாலாவது தடவைக்கு முன்னால் ஆளிடம் மட்டும், “நீங்கள் தாண்டும்போது அங்கே நிற்பவர் குடையை விரிப்பார்” என்று சொல்லிவைத்தார்கள். திடீரென்று குடை விரிந்தால் குதிரை மிரளும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆள் நெஞ்சு படபடத்தது. கூடவே குதிரையின் நெஞ்சும் படபடத்தது.

குடையை யாரும் விரிக்கவே இல்லை.

குதிரைக்கு ஸ்வீடிஷ் தெரியாது, குடை பற்றி யாரும் அதனிடம் பேசவும் இல்லை. எந்த வழியில் சேதி போயிற்று? இறுகிய தொடையா, நின்றுபோன மூச்சா, விரல் வழியாக வாரில் போன நடுக்கமா? என் ஊகம் மூன்றும் சேர்ந்து என்பது. எப்படியானாலும், இதைப் படித்த பிறகு “குதிரை மிரண்டுவிட்டது” என்று யாராவது சொன்னால் முதலில் மிரண்டது யார் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. ஆரணியில் முகூர்த்த நாளில் ஊர்வலக் குதிரைக்கு இரண்டடி தள்ளிச் சரவெடி கொளுத்துகிறார்கள். குதிரை அசையாமல் நின்றால் அது அதைப் பிடித்திருக்கிற ஆளின் கெட்டிக்காரத்தனம். மேலே இருக்கிற மாப்பிள்ளையின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்கிறது என்பதும் குதிரைக்குத் தெரியும் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கொளுத்துகிறவர்களை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் பக்கத்துக்குக் குதிரை புதிதில்லை. 1751 டிசம்பரில் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் முராரி ராவின் மராத்தியக் குதிரைவீரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பிரெஞ்சுக்காரர்களின் கூட்டாளி ராஜா சாகிபின் படையை முறியடித்தது ஆரணியில்தான். தெற்கே போனால் செஞ்சி. 1714-ல் ஆற்காட்டு நவாப்பின் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜாவின் கதையில், எவருக்கும் அடங்காத குதிரையை அவன் ஏறி அடக்குகிறான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதையால் அடக்குவதும் பழக்குவதும் ஒன்று என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. அலெக்சாந்தர் கதையில் ஒரு நுணுக்கம் உண்டு: முரட்டுக் குதிரை தன் நிழலைப் பார்த்தே மிரள்கிறது என்று கண்டுகொண்டு, பையன் அதன் முகத்தைச் சூரியன் பக்கம் திருப்புகிறான். ஏறுவது அப்புறம்தான்.

சவுக்கால் ஆடவைத்த குதிரையின் ஆட்டம், அடித்து ஆடவைத்த நாட்டியக்காரரின் ஆட்டத்தைவிட அழகாயிராது என்று கிரேக்கப் போர்வீரர் செனபோன் எழுதி 2,300 வருஷத்துக்குமேல் ஆகிறது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மேளத்துக்குக் கால் தூக்கி ஆடும் குதிரையைச் சுற்றிக் கூட்டம் நெருக்கும். விலையைக் கேட்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள். அந்தக் கால் எப்படித் தூக்கப் பழகியது என்று கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

குதிரையை வாங்குவோம், பழக்குகிறவரை வாங்கமாட்டோம். இது நம்முடைய பழைய நோய். பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். அரசன் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறானாம். வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். வேகவைத்த சோறும் இறைச்சியும் போட்டார்களாம். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை குதிரை விற்கிற வணிகர்கள் இந்தப் பக்கம் வரவே விடுவதில்லையாம். குதிரை செத்தால்தானே மறுபடி விற்கலாம்! போலோவின் கணக்கில் பாதியைத் தள்ளிவிட்டாலும் வயிறு எரிகிறது. இன்றும் பந்தயத்தில் இரண்டு வயதுக் குட்டியை ஓடவிடுகிறோம். குதிரையின் முதுகெலும்பு முற்ற ஐந்தரை, ஆறு வயதாகும். வியன்னாக்காரர்கள் நாலு வயதுவரை முதுகில் ஆளையே ஏற்றுவதில்லை. தோற்ற குட்டி அப்புறம் எங்கே போகிறது என்று தேடிப் போனால் சில சமயம் கல்யாண ஊர்வலத்தில் வந்து முடியும்.

போளூர்க்காரருக்கு வருகிறேன். பையன் கையை விரித்துக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் சுற்றட்டும். கிழக் குதிரை என்று குறைப்பட வேண்டாம். அந்த இடத்தில் இருப்பதிலேயே மூத்த வாத்தியார் அதுதான். வகுப்பு முடிந்ததும் அதைத் தேய்த்துவிடவும் குளம்பில் ஒட்டிய மண்ணை எடுக்கவும் பையனையே விடுகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் விடச் சொல்லுங்கள்.

கடிதத்தின் கீழே ஒரு வரி கிறுக்கியிருக்கிறீர்கள்: பையன் சவுக்கு கேட்கிறான், வாங்கலாமா என்று. வேண்டாம். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு நல்ல ஹெல்மெட்டாக வாங்குங்கள். பைக் ஹெல்மெட் உதவாது, குதிரையேற்றத்துக்கென்றே விற்கிறது. கடையில் பையன் தலையில் போட்டு, தாடைப் பட்டையை மாட்டிக் குலுக்கிப் பார்த்து வாங்குங்கள்.