மூன்றாம் இருக்கையிலிருந்து எழுந்த இசை

நால்வர் அடங்கிய ஒரு குழுவில் இருவரே பாடல் புனையும் திறனுடையோர் என உலகம் முடிவு கட்டிவிட்ட பிறகு, மூன்றாமவர் தம் பாடலை எங்கே பாடுவார்? 'பீட்டில்ஸ்' என்னும் ஆங்கில இசைக்குழுவின் கித்தார்க் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் வாழ்வு இக்கேள்விக்கு ஒரு விடை கூறுகின்றது. மேனாட்டு இளைஞர் இசையில் நாட்டமில்லாத பெற்றோரும் அறியத்தக்க விடை அது.

ஹாரிசன் 1943 பிப்ரவரி 25 அன்று, துறைமுக நகராகிய லிவர்பூலில் நான்கு மக்களுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தை பேருந்துப் பணியாளர். தாய் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர். பள்ளிப் பேருந்தில் பால் மெக்கார்ட்னி என்னும் மாணவரோடு நட்பு உண்டாயிற்று. அந்நட்பின் வாயிலாக 1958இல் ஜான் லெனனின் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழப் பதினைந்து. மிகச் சிறியவன் என்று லெனன் முதலில் தயங்கினாராம். 1960இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் குழு வாசித்துக்கொண்டிருந்தபோதும், பதினெட்டு வயது நிரம்பாதவர் என்று அதிகாரிகள் அவரை நாட்டைவிட்டு அனுப்பினர். இளையவர் என்னும் முத்திரை அவரை எளிதில் விட்டு நீங்கவில்லை.

காத்திருந்த பாடல்கள்

1962க்குப் பின் பீட்டில்ஸின் புகழ் உலகெங்கும் பரவியது. ஆயினும் பாடல்கள் பெரும்பாலும் லெனன், மெக்கார்ட்னி இருவருடையனவே. ஓர் இசைத்தட்டில் ஹாரிசனுக்கு ஒன்றிரண்டு இடங்கள் கிடைத்தால் பெரிது. 1968இல் முப்பது பாடல்களுடன் வெளிவந்த இரட்டைத் தட்டிலும் அவருடையவை நான்கே. 1969 ஜனவரியில் மனம் கசந்து குழுவைவிட்டு வெளியேறிய அவர், சில நாட்களுக்குப் பின் திரும்பினார். அவ்வாண்டிலேயே அவர் இயற்றிய 'சம்திங்' வெளிவந்தது. அதனை மேடைதோறும் போற்றிப் பாடிய அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ரா, அது லெனனும் மெக்கார்ட்னியும் இயற்றியது எனத் தவறாகவே அறிமுகம் செய்துவந்தார்! மூன்றாமவர் நிலை இதுவே.

1970இல் குழு கலைந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஹாரிசன் மூன்று தட்டுகள் கொண்ட ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். குழுவில் இடம் பெறாமல் ஒதுங்கிக் கிடந்த பாடல்களும் அதில் இருந்தன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனையில் அது முதலிடம் பெற்றது. காத்திருந்த காலம் வீண்போகவில்லை. அக்காலத்தில் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை என்பதே அதற்குக் காரணம்.

பிறருக்கென அமைத்த மேடை

முதலிடம் கிடைத்ததும் அவர் என் செய்தார் என்பதே நாம் உற்று நோக்க வேண்டியது. 1970 நவம்பரில் வீசிய பெரும்புயலாலும் மறு ஆண்டு மூண்ட போராலும் கிழக்கு வங்காளம் சிதைந்தது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தனர். வங்கக் குடியில் பிறந்த பண்டிட் ரவிசங்கரிடம் ஹாரிசன் 1966இல் சிதார் பயின்றிருந்தார். அந்த ஆசான் தம் மக்களின் துயரைச் சொல்லி உதவி கேட்டார். சில வாரங்களுக்குள் ஏற்பாடுகள் முடிந்தன. 1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இரு காட்சிகள் நடைபெற்றன; நாற்பதாயிரம் பேர் அளவில் திரண்டனர்.

ஹாரிசன் அம்மேடையில் முதலில் அமர்த்தியது ரவிசங்கரையும் அலி அக்பர் கானையும் அல்லா ரக்காவையும். அவர்கள் சுருதி கூட்டியதையே இசையென்று எண்ணி அவையோர் கரவொலி எழுப்ப, சுருதி கூட்டியதே இவ்வளவு பிடித்ததென்றால் இசை இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் நகைச்சுவையுடன் கூறினார். பாப் டிலன், ரிங்கோ ஸ்டார், பில்லி பிரஸ்டன் முதலியோருக்கும் தனித்தனியே பாட இடம் தரப்பட்டது. இடம் கிடைக்காமையின் வருத்தத்தை அறிந்தவர், பிறருக்கு இடம் அளிக்கக் கற்றிருந்தார்.

நுழைவுச் சீட்டால் கிடைத்த ஏறத்தாழ 2,43,000 டாலர் விரைவில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்தைச் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டும் திரைப்படமும் ஈட்டிய பெருந்தொகை, முன்கூட்டியே அறப்பணியாகப் பதிவு செய்யப்படாத காரணத்தால், அமெரிக்க வரித்துறையின் பிடியில் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. 1985 அளவில் சுமார் 1.2 கோடி டாலர் வங்காளதேசத்துக்குச் சென்றதாக மதிப்பிடுவர். இரக்கம் ஒரே மாலையில் பிறக்கலாம். அதனைப் பசித்தவன் கையில் சேர்ப்பதற்குக் கணக்கேடும் வேண்டும். நிதி திரட்டும் சங்கங்கள் யாவும் நினைவில் கொள்ளத்தக்கது இது.

தாழ்வும் தோழமையும்

வாசகர்களே, அவர் பாதை இதன்பின் மலர் தூவியதாய் இருக்கவில்லை. 1974இன் அமெரிக்கப் பயணத்தில் குரல் கம்மியது, விமர்சகர்கள் கடிந்தனர். அவருடைய புகழ்பெற்ற பாடல் ஒன்று பழைய பாட்டொன்றின் மெட்டைத் தம்மை அறியாமலே ஒத்துவிட்டது என்று 1976இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மெல்ல மேடையினின்று ஒதுங்கித் தோட்டக்கலையில் ஈடுபட்டார். 1980இல் வெளியிட்ட தம் நூலைத் தோட்டக்காரர்களுக்கே காணிக்கையாக்கினார்.

குழுவில் அடங்கியிருந்து துன்புற்றவர் தனிமையையே விரும்புவார் எனக் கருதலாம். மாறாக, 1988இல் டிலன், ராய் ஆர்பிசன் உள்ளிட்ட நால்வருடன் சேர்ந்து புதியதொரு குழுவை அமைத்தார். புகழ்மிக்க தம் பெயர்களை மறைத்து, சகோதரர்கள் போன்று புனைபெயர்களைச் சூடிக்கொண்டனர் ஐவரும். முதல்வன், மூன்றாமவன் என்னும் கணக்கு அங்கு இல்லை. 1996இல் சென்னைக்கு வந்து ரவிசங்கரின் இசைத்தொகுப்பு ஒன்றின் ஒலிப்பதிவை மேற்கொண்டபோதும், ஆசானின் இசைக்குத் துணை நின்ற தயாரிப்பாளராகவே பணியாற்றினார்.

2001 நவம்பர் 29 அன்று, புற்றுநோயால், 58ஆம் வயதில் ஹாரிசன் காலமானார். சரியாக ஓராண்டு கழித்து இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நண்பர்கள் நினைவு இசைவிழா எடுத்தனர். அங்கே மெக்கார்ட்னி, ஹாரிசன் விரும்பி வாசித்த உக்குலேலே என்னும் சிறு நரம்புக் கருவியை ஏந்தி, 'சம்திங்' பாடலைத் தொடங்கினார். தம்முடையது என்று பிறர் ஒருகாலத்தில் தவறாகச் சொன்ன பாடலை, அதற்கு உரியவர் இன்னார் என்று அவையறிய அவரே பாடினார்.