இமெயில் நியூஸ்லெட்டர் அனுப்பப் போறீங்களா? 'சென்ட்' கொடுக்கும் முன் கவனிக்க வேண்டிய 6 விஷயங்கள்!

திண்டிவனம் - புதுச்சேரி சாலையில், திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் திரும்பினால் இரும்பை. சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் ஒரு பக்கம், 1968-ல் உருவான ஆரோவில் இன்னொரு பக்கம். ஊதுபத்தி, சோப்பு, மண்பாண்டம் என்று சின்ன அளவில் தயாரித்து விற்பவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. வாங்குபவர்களில் பலர் சென்னை, பெங்களூரு, வெளிநாடு என எங்கிருந்தோ வந்து போகிறவர்கள். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, கடைக்காரர் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு இமெயில் முகவரிதான்.

அதை வைத்து மாதம் ஒரு நியூஸ்லெட்டர் அனுப்பலாம் என்று மெயில்சிம்ப், ஜோஹோ கேம்பெயின்ஸ் போன்ற சேவையைத் திறந்தால், தொடக்கத்திலேயே சில கட்டங்களை நிரப்பச் சொல்லும். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தாண்டிப் போகத் தோன்றும். ஆனால், உங்கள் மெயில் இன்பாக்ஸுக்குப் போகுமா, ஸ்பேமுக்குப் போகுமா என்பதில் இந்தக் கட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கேம்பெயின் பெயர்

இது உங்கள் கணக்குக்கான அடையாளம். 'டிசம்பர் - மார்கழி சலுகை' என மாதமும் விஷயமும் தெரியும்படி வைத்தால், பிறகு ரிப்போர்ட் பார்க்கும்போது குழப்பம் வராது. மெயிலில் இந்தப் பெயர் தெரியாது. ஆனால், லிங்க் கிளிக்குகளைக் கண்காணிக்கும் வசதியை ஆன் செய்தால், இணைப்பு முகவரிக்குள் இது வெளியே தெரிய வாய்ப்புண்டு. அதனால் 'பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட' என்றெல்லாம் வைத்துவிடாதீங்க!

2. சப்ஜெக்ட் லைன்

மொபைலில் சப்ஜெக்ட் லைனின் முதல் சில வார்த்தைகள்தான் தெரியும். தமிழ் எழுத்துகள் அகலம் என்பதால் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும். 'எங்கள் நிறுவனத்தின் டிசம்பர் மாத செய்திமடல்' என்பதைவிட 'மழைக்காலத்துக்கு 3 புது ஊதுபத்தி' என்றால் விஷயம் உடனே புரியும். பதில் மெயில் போலக் காட்ட முன்னால் 'ரீ' சேர்ப்பது ஏமாற்று வேலை. அது வேண்டாம்.

3. ப்ரீவியூ டெக்ஸ்ட்

சப்ஜெக்டுக்குப் பக்கத்திலோ கீழேயோ மங்கலாகத் தெரியும் வரி இது. காலியாக விட்டால், மெயிலில் முதலில் என்ன இருக்கிறதோ அதுவே வந்து நிற்கும். 'சரியாகத் தெரியவில்லையா? பிரவுசரில் திறக்கவும்' என்பதுதான் உங்கள் விளம்பர வரியா?

4. அனுப்புநர் பெயரும் முகவரியும்

முக்கியமான கட்டம் இதுதான். பெயரில், வாடிக்கையாளருக்குத் தெரிந்த கடைப் பெயரையே போடுங்க. முகவரியில் சாதாரண ஜிமெயில் ஐடியைக் கொடுக்காதீங்க. வேறொரு சேவையின் சர்வரிலிருந்து ஜிமெயில் முகவரியின் பெயரில் மெயில் வந்தால், அதைப் போலியாகக் கருத ஜிமெயிலுக்குக் காரணம் இருக்கிறது. சொந்த டொமைன் முகவரி வாங்குவதுதான் வழி.

அடுத்து, டொமைன் அமைப்பில் எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க் என்ற 3 பதிவுகளைச் சேர்க்க வேண்டும். இந்த டொமைன் பெயரில் யார் அனுப்பலாம், வழியில் மெயில் மாற்றப்பட்டதா, போலி வந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்பவை இவை. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு, 2024 பிப்ரவரி முதல் கூகுள் இந்த மூன்றையும் கட்டாயமாக்கியது. குறைவாக அனுப்பினாலும் எஸ்.பி.எஃப் அல்லது டிகிம் இருந்தே ஆக வேண்டும்.

5. யாருக்கு அனுப்புகிறீர்கள்?

பில்லுக்காகக் கொடுத்த முகவரி, நியூஸ்லெட்டருக்கான சம்மதம் ஆகாது. தெளிவாகக் கேட்டுப் பெற்ற சம்மதம் தேவை, அதைக் கொடுத்தது போலவே சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது, இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அமெரிக்க வாடிக்கையாளர்கள் இருந்தால், அந்நாட்டின் 2003-ம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டப்படி மெயிலில் அஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும்.

'அன்சப்ஸ்கிரைப்' பட்டனை ஒளித்து வைப்பது உங்களுக்கே ஆபத்து. விலக வழி தெரியாதவர் 'ஸ்பேம்' பட்டனை அழுத்துவார். புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். அதாவது, ஆயிரம் பேரில் 3 பேர். 100 பேர் கொண்ட பட்டியலில் ஒரே ஒருவர் அழுத்தினாலும் 1 சதவீதம்! அதன் பிறகு, விரும்பிக் கேட்டவர்களுக்குப் போகும் மெயிலும் ஸ்பேமில் விழலாம்.

6. மெயிலின் எடை

சுமார் 102 கேபி-யைத் தாண்டினால் ஜிமெயில் மெயிலை நடுவில் வெட்டி, மீதியைத் தனியாகத் திறக்கச் சொல்லும். யூனிகோடு முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழில் 'க' என்றால் 3 பைட், 'கி' என்றால் 6 பைட். ஆக, தமிழ் மெயில் சீக்கிரமே எடை கூடும். வெட்டுப்பட்டால், அடியில் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் லிங்க்கும் மறைந்துவிடும். அதனால் சுருக்கமாக எழுதுங்க.

கடைசியாக, பட்டியலுக்கு அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பி, மொபைலில் திறந்து பாருங்க. ரிப்ளை கொடுத்தால், நீங்கள் தினமும் பார்க்கும் இன்பாக்ஸுக்கு வருகிறதா என்பதையும் சோதித்துவிடுங்க. 'இன்னும் 2 பாக்கெட் கிடைக்குமா?' என்று கேட்கும் வாடிக்கையாளர் அந்த வழியாகத்தான் வருவார்.