வீட்டை வாடகைக்கு விடுதல் (தமிழ்நாடு)

வீட்டை வாடகைக்கு விடுதல் என்பது ஒருவர் தமக்குச் சொந்தமான குடியிருப்பைப் பயன்படுத்தும் உரிமையை, வாடகை பெற்றுக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு மற்றொருவருக்கு அளிப்பது ஆகும். அளிப்பவர் வீட்டு உரிமையாளர் எனவும், பெறுபவர் வாடகைதாரர் அல்லது குடித்தனக்காரர் எனவும் அழைக்கப்படுகின்றனர். மாடியில் ஒரு பகுதியைக் கட்டியவர், பணிமாற்றத்தால் வெளியூர் சென்றவர், பெற்றோரின் வீட்டை மரபுரிமையாகப் பெற்றவர் எனப் பலர் முதன்முறையாக இந்நிலைக்கு வருகின்றனர். தமிழ்நாட்டில் உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது.

சட்டத் தன்மை

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, வாடகைக்கு விடும்போது வீட்டின் உடைமை கைமாறுவதில்லை. அதை அனுபவிக்கும் உரிமை மட்டுமே மாறுகிறது. எனினும் அவ்வுரிமை வாடகைதாரரிடம் இருக்கும் காலம் வரை, உரிமையாளர்கூடத் தம் விருப்பப்படி அவ்வீட்டினுள் நுழையவோ, பூட்டுப் போடவோ இயலாது. புதிதாக வீட்டை வாடகைக்கு விடுவோர் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வது இதனையே.

மாத வாடகைக்குப் பதிலாக ஒரு பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டு வீட்டை ஒப்படைத்து, காலம் முடிந்ததும் அத்தொகையைத் திருப்பித் தரும் வழக்கமும் உண்டு. இது போக்கியம், ஒத்தி எனவும், சென்னையில் பேச்சுவழக்கில் "லீசு" எனவும் கூறப்படுகிறது. பெற்ற தொகையைச் செலவிட்டுவிட்ட உரிமையாளர், அதைத் திருப்பித் தராமல் வீட்டை மீளப் பெறுவது கடினம்.

வரலாறு

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஏற்பட்ட வீட்டுப் பற்றாக்குறையால் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. பின்னர் 1946, 1949 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து 1960ஆம் ஆண்டின் கட்டட (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வந்தது. இதன்படி உரிமையாளரோ வாடகைதாரரோ விண்ணப்பித்தால் "நியாய வாடகை" நிர்ணயிக்கப்படும். 1973ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், குடியிருப்புகளுக்கு அது கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு என்ற அடிப்படையில் கணக்கிடப்பட்டது. வாடகை செலுத்தத் தவறியது வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்ற கேள்வியில் வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. 1985ஆம் ஆண்டில் சுந்தரம் பிள்ளை எதிர் பட்டாபிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை விரிவாக ஆராய்ந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. வாடகையை இரு தரப்பினரின் உடன்பாட்டுக்கே விட்டது.

உடன்படிக்கை

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பதிவு செய்ய வேண்டும் என 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுகிறது. இதனைத் தவிர்க்கவே 11 மாத உடன்படிக்கை எழுதும் வழக்கம் தோன்றியது. ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடன்படிக்கை எழுத்து வடிவில் இருப்பதோடு, வாடகை அதிகார அமைப்பிலும் பதியப்பட வேண்டும். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவிலிருந்து வேறானது. 11 மாத உடன்படிக்கைக்கு இதிலிருந்து விலக்கு இல்லை. பதியப்படாத உடன்படிக்கையைச் சான்றாகக் காட்டுவதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே பிணக்கு ஏற்படும்போது, எழுதி வைத்த தாள் கையில் இருந்தும் உரிமையாளருக்கு உதவாமல் போகக்கூடும்.

முன்பணம்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது நெடுநாள் வழக்கம். 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு மூன்று மாத வாடகையை வரம்பாக வைத்துள்ளது. எனினும் இரு தரப்பினரும் வேறு வகையில் உடன்பட்டால் அது செல்லும். வாடகைதாரர் வெளியேறிய ஒரு மாதத்துக்குள், நிலுவைகளைக் கழித்துக்கொண்டு முன்பணம் திருப்பித் தரப்பட வேண்டும். எனவே முன்பணம் உரிமையாளரின் வருமானம் அன்று. அவர் திருப்பித் தரவேண்டிய கடனாகும்.

பராமரிப்பு

உடன்படிக்கையில் வேறுவிதமாகக் கூறப்படாவிடில், பணிகள் பின்வருமாறு பிரிக்கப்படுகின்றன.

- உரிமையாளர்: கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதுகள், சுவர்களுக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், மின்கம்பி அமைப்பு.
- வாடகைதாரர்: குழாய்த் திருகு, வாசர் மாற்றுதல், சாக்கடை அடைப்பு நீக்குதல், மின்விசைப் பொத்தான் பழுது, பூட்டு, கைப்பிடி, சன்னல் கண்ணாடி மாற்றுதல்.

குடியேறும் நாளிலேயே வீட்டின் நிலை, மின்மானி அளவு, ஒப்படைத்த சாவிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டால், பின்னாளில் முன்பணக் கழிவு குறித்த சச்சரவுகள் குறையும்.

உரிமையாளர் மீதான கட்டுப்பாடுகள்

வீட்டைப் பார்வையிட விரும்பும் உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். பெற்ற வாடகைக்குப் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும். அவர் வாடகையை வாங்க மறுத்தால், வாடகைதாரர் அதனை வாடகை அதிகார அமைப்பிடம் செலுத்தலாம். நிலுவை இருப்பினும் குடிநீர், மின்சாரம் போன்ற இன்றியமையாச் சேவைகளை உரிமையாளர் துண்டிக்கக் கூடாது.

வீட்டை மீளப் பெறுதல்

வாடகைதாரர் தாமாக வெளியேறாவிடில், வாடகை நீதிமன்றத்தின் ஆணை பெற்றே வீட்டை மீட்க இயலும். உடன்படிக்கை செய்யத் தவறுதல், இரண்டு மாத வாடகை நிலுவை, எழுத்து மூல இசைவின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல் முதலியன இதற்குரிய காரணங்களுள் அடங்கும். வாடகை நீதிமன்றத்தின் ஆணைக்கு எதிராக வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

வரி

வாடகை வருமானம் வருமான வரிக்கு உட்பட்டது. உரிமையாளர் செலுத்திய சொத்து வரியைக் கழித்தபின் எஞ்சும் தொகையில் 30 விழுக்காடு, பராமரிப்புக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்று பாராமல், கழிவாக ஏற்கப்படுகிறது.