நாற்பது ரூபாச் சீட்டும் மூன்று பூச்சியச் சக்கரமும்

மட்டக்களப்பில் கசினோ இல்லை. 2025 ஆகஸ்டில் திறந்த ‘சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்’ கூடக் கொழும்பில்தான். வாவிக்கரைச் சனத்துக்குக் கைக்கெட்டிய அதிர்ஷ்டம் லொத்தர்.

2022இல் படகுக்கு மண்ணெண்ணெய் தேடி மீனவர்கள் வரிசையில் காய்ந்தார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த ஆண்டு 20 ரூபா லொத்தர்ச் சீட்டு 40 ரூபாவானது.

மகாஜன சம்பத லொத்தர்ச் சீட்டில் ஓர் ஆங்கில எழுத்து, ஆறு இலக்கங்கள். எல்லாம் பொருந்தும் வாய்ப்பு 2.6 கோடியில் ஒன்று. பெரும் பரிசு ஒரு கோடி ரூபா என்று வைத்தால், ஒரு சீட்டில் அந்தப் பரிசின் சராசரிப் பெறுமதி 38 சதம். சிறு பரிசுகளின் கணக்கு வேறு. சீட்டு 20 ரூபாவானாலும் 40 ரூபாவானாலும் அதே 38 சதந்தான், பரிசும் இரட்டித்தாலொழிய. போதாததற்கு ரூபாவும் தேய்ந்தது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. 50,000 டொலர் பெறுமதியான கோடி ரூபா 28,000 டொலராகச் சுருங்க, நிகழ்தகவில் யாரும் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.

கசினோவில் கைவைப்பார்கள், சத்தமில்லாமல். ரூலெட் சக்கரத்தில் ஒரு பூச்சியத்தோடு 37 குழிகள். ஓர் எண்ணில் பணம் வைத்து வென்றால் 35 மடங்கு இலாபம். ஆகவே நூறு ரூபாவுக்குச் சராசரி இழப்பு 2.70. இரண்டாவது பூச்சியத்தைச் சேர்த்தால் 5.26. 2016இல் லாஸ் வேகாஸின் வெனீஷியன் கசினோ மூன்றாவதையும் சேர்த்தது, இழப்பு 7.69 ஆனது. வெற்றிக்கான தொகை மட்டும் அப்படியே இருந்தது.

பிளாக்ஜாக்கில் வேலை இன்னும் நுணுக்கம். எக்காவும் பத்துப் பெறுமதியுள்ள சீட்டும் சேர்ந்து விழுந்தால் நூறு ரூபாவுக்கு 150 கொடுப்பது பழைய வழக்கம். 2008 உலக நிதி நெருக்கடிக்கு முன்பே தலைகாட்டி, பின்னர் பரவிய புது விதியில் 120தான். ஏறத்தாழ 21 ஆட்டத்துக்கு ஒருமுறை இப்படி விழும் என்பதால், ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை ரூபாவுக்குச் சற்றுக் குறைவான மேலதிக நட்டம். அற்பமாகத் தெரியும். ஆனால் நன்றாக ஆடுபவரிடம் கசினோவின் பழைய அனுகூலமே அரை ரூபா அளவுதான்!

காசு போடும் இயந்திரங்களில் இப்படியான மாற்றம் கண்ணுக்கே தெரியாது. நெவாடாப் பல்கலைக்கழகத்தின் அந்தனி லூக்காஸ் குழு, வேறுபட்ட இழப்பு வீதங்கொண்ட ஒரே மாதிரி இயந்திரங்களை ஒப்பிட்டபோது, ஆட்டக்காரர்கள் மலிவானதை நோக்கி நகரவில்லை. ஏற்ற இறக்கத்தின் இரைச்சலில் வித்தியாசம் அமுங்கிவிடுகிறது.

இலவசங்களும் விலைக் குறைப்புகளும் மட்டும் பளிச்சென்று தெரியும். 2007இல் 130 டொலருக்கு மேலிருந்த லாஸ் வேகாஸ் அறையின் சராசரி வாடகை 2009இல் 93 டொலரளவுக்கு இறங்கியது. சாப்பாட்டுச் சலுகைக்கும் ஒரு சூத்திரம் உண்டு: பந்தயத் தொகை, மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி, கசினோவின் அனுகூலம், நான்கையும் பெருக்குவது. ஆயிரம் ரூபா வீதம் மணிக்கு 60 ஆட்டம், நான்கு மணி நேரம், அனுகூலம் இரண்டு சதவீதம் என்றால் எதிர்பார்க்கும் இழப்பு 4,800 ரூபா. அதில் ஒரு பங்குதான் இலவச இறால் பொரியலாகத் தட்டுக்கு வருகிறது.