சிறுமையும் தாழ்மையும்: திருவருகைக் காலத்துப் பெண்பாற் பாடல்கள் இரண்டு

மார்கழித் திங்களின் தொடக்கமும் கிறித்தவர் போற்றும் திருவருகைக் காலத்தின் இறுதி நாள்களும் ஆண்டுதோறும் ஒருங்கே நிகழ்வன. திருப்பாவையில் திளைத்துத் 'திருப்பாவை சீயர்' எனப் பெயர் பெற்ற இராமாநுசர் தோன்றிய ஊர் திருப்பெரும்புதூர். பெண்ணொருத்தி பாடிய அப்பாவை ஆங்கு ஓதப்பெறும் அதே பருவத்தில், கிறித்தவத் திருக்கோயில்களில் வேறு இரு பெண்களின் பாடல்கள் ஓதப்பெறுகின்றன. ஒன்று சாமுவேல் முதல் நூலின் இரண்டாம் இயலில் உள்ள அன்னாளின் பாடல். மற்றொன்று லூக்கா நற்செய்தியின் முதல் இயலில் உள்ள மரியாவின் பாடல். கத்தோலிக்க வழிபாட்டில் திசம்பர் 22ஆம் நாள் இவ்விரண்டும் ஒருசேர அமைந்துள்ளன. அவற்றைத் தமிழ்ப்படுத்திய சொல் ஒன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு பாடல்களும் பொருளால் நெருங்கிய உறவுடையன. வில்லாளர் வலி குன்றுதலும், உண்டு நிறைந்தோர் உணவிற்காகக் கூலிக்குச் செல்லுதலும், பசித்தோர் பசி நீங்குதலும் அன்னாளின் பாடலில் வருகின்றன. வல்லோர் இருக்கை இழத்தலும், தாழ்ந்தோர் உயர்தலும், பசித்தோர் நிறைவு பெறுதலும் மரியாவின் பாடலில் வருகின்றன. எனவே இவை இறைவனைப் போற்றும் பாடல்கள் மட்டுமல்ல. முறை பிறழ்ந்த உலகில் முறை வேண்டி நின்ற பாடல்களும் ஆகும்.

இவ்வுறவு ஒரு சொல்லாலும் உறுதிப்படுகின்றது. அன்னாள் மகப்பேறு வேண்டிய மன்றாட்டில், தன் துன்பநிலையை நோக்குமாறு இறைவனைக் கேட்கின்றாள். எழுபதின்மர் இயற்றிய கிரேக்க மொழிபெயர்ப்பு அந்நிலையைத் 'தபைனோசிஸ்' என்னும் சொல்லாற் குறிக்கின்றது. மரியா தன் பாடலில் ஆளுவதும் அச்சொல்லே. எகிப்தில் இசுரவேலர் அடிமைப்பட்டு உற்ற துயரையும் அக்கிரேக்க நூல் இச்சொல்லாலேயே சுட்டுகின்றது. ஆகவே ஈண்டு இது பணிவு என்னும் பண்பைக் குறிப்பதன்று; பிறரால் தாழ்த்தப்பட்ட நிலையைக் குறிப்பதாகும்.

போவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பதிப்பு, அன்னாளின் மன்றாட்டில் 'சிறுமை' என்றும், மரியாவின் பாடலில் 'தாழ்மை' என்றும் வழங்குகின்றது. முன்னது எபிரேயத்தினின்றும், பின்னது கிரேக்கத்தினின்றும் பெயர்க்கப்பட்டமையின் இவ்வேறுபாடு நேர்ந்தது எனலாம். எனினும் விளைவு சிறிதன்று. தாழ்மை என்பது தமிழில் தாழ்ந்த நிலையையும் குறிக்கும். அடக்கமாகிய நற்பண்பையும் குறிக்கும். வழக்கில் பின்னதே விஞ்சி நிற்றலின், மரியாவின் பாடல் அடங்கியிருத்தலைப் பாராட்டும் பாடலாகக் கேட்போர்க்குத் தோன்றுகின்றது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு 'தாழ்நிலை' எனக் கொண்டு இம்மயக்கத்தை நீக்கியது.

அதனினும் 'சிறுமை' பொருத்தமுடைத்து என்பது எம் கருத்து. பையுளும் சிறுமையும் நோய் என்னும் பொருள் தருவன எனத் தொல்காப்பிய உரியியல் கூறும். இன்று சிறுமை என்பது இழிகுணத்தைக் குறிக்குமே என வினவலாம். அது மெய்யே, ஆயினும் 'சிறுமைப்படுத்துதல்' என்னும் வழக்கில் பிறர் இழைக்கும் கொடுமை என்னும் பொருள் இன்றும் அழியாது நிற்கின்றது. மேலும் அச்சொல் அன்னாளையும் மரியாவையும் ஒருங்கு பிணிக்கும்.

இது சொல்லளவில் நிற்கும் வேறுபாடன்று. 2021ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், திருப்பெரும்புதூரை அடுத்த மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர், விடுதி உணவு நஞ்சானதால் நோயுற்றனர். நூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோர் மருத்துவம் பெற்றனர். தம் தோழியர் நிலையை அறிய வேண்டி, 17ஆம் நாள் இரவு தொடங்கிச் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் பெண்கள் அமர்ந்தனர். மார்கழியின் இரண்டாம் நாள் அது. மேலைத் திருச்சபையின் மாலை வழிபாட்டில், மரியாவின் பாடலுக்குரிய ஏழு சிறப்பு முன்மொழிகள் தொடங்கும் நாளும் அதுவே.

அன்று அவர்கள் உற்றதைத் தாழ்மை என எவரும் கூறார். சிறுமை என்றே கூறுவர். உண்ட உணவே நோயான மகளிர்க்குப் பசித்தோர் நிறைவு பெறும் பாடல் எப்பொருளில் ஒலிக்கும் என்பதை மொழிபெயர்ப்பாளர் தேரும் ஒரு சொல்லே வரையறுக்கின்றது. இனி வரும் திருத்தப் பதிப்புகள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.